வீட்டுத் தொட்டிக்கு எந்த ‘ஷார்க்’ பொருந்தும்?

பாலக்காட்டிலோ கோவையிலோ ஒரு வண்ணமீன் கடைக்குள் நுழைந்து ஷார்க் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் குறைந்தது நான்கு தொட்டிகளைக் காட்டுவார். ரெட் டெயில் ஷார்க், ரெயின்போ ஷார்க், சில்வர் ஷார்க், டைகர் ஷார்க் என்று அவற்றின்மேல் எழுதி ஒட்டியிருக்கும். இந்த நான்கில் ஒன்றுகூடச் சுறா கிடையாது. முதல் மூன்றும் கெண்டைக் குடும்பத்து நன்னீர் மீன்கள். நான்காவது கெளுத்தி வகை. முதுகுத் துடுப்பு முக்கோணமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்து வியாபாரிகள் சூட்டிய பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. உண்மையான சுறாவின் உடலில் எலும்புக்குப் பதிலாகக் குருத்தெலும்புதான் இருக்கும். செவுளை மறைக்கும் மூடி இல்லாமல், இருபுறமும் ஐந்து முதல் ஏழு பிளவுகள் வரிசையாகத் தெரியும். காளைச் சுறா போன்ற சில இனங்கள் ஆற்றுக்குள் ஏறி வருவதுண்டு என்றாலும், வீட்டில் வைப்பதைப் பற்றி யோசிக்கக்கூடிய சிறிய சுறாக்கள் எல்லாம் கடல்நீரில் வாழ்பவை. எனவே தொட்டி வாங்கும் முன்பே, தனக்கு வேண்டியது நன்னீர் ‘ஷார்க்’ மீனா, கடல் சுறாவா என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். முன்னதற்கு ஒரு நல்ல கண்ணாடித் தொட்டி போதும். பின்னதற்கு வீட்டில் ஓர் அறையையே ஒதுக்க வேண்டியிருக்கும்.

நான் இருப்பது பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து அலுவலகத்தில் மலையாளம் என்று வாழும் எங்கள் எல்லைப் பகுதியில், வண்ணமீன் வாங்கக் கிழக்கே கோவைக்கும் போவோம், மேற்கே பாலக்காட்டுக்கும் போவோம். இரண்டு பக்கத்துக் கடைகளிலும் பெயர்ப் பலகையை மட்டும் நம்பி வாங்கி நான் ஏமாந்திருக்கிறேன் என்பதால், இங்கே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றும்படி கேட்டுக்கொள்கிறேன்: முதலில் இடம், அடுத்து தண்ணீர், அதற்குப் பிறகே மீன்.

முதலில் இடத்தை அளந்துகொள்ளுங்கள்

தொட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அடிக்கணக்கில் பெருக்கி, வரும் எண்ணை 28ஆல் பெருக்கினால் ஏறக்குறைய எத்தனை லிட்டர் என்பது கிடைத்துவிடும். கடைகளில் அதிகமாக விற்கும் 2 அடிக்கு 1 அடி தொட்டியில், உயரமும் 1 அடியாக இருந்தால், 56 லிட்டர்தான் பிடிக்கும். இந்தக் கட்டுரையில் வரும் எந்த மீனுக்கும் அது போதாது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் உள்ள தொட்டி சுமார் 250 லிட்டர் கொள்ளும். நன்னீர் ‘ஷார்க்’ வளர்க்க விரும்புபவர் இந்த அளவிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ. மணல், கண்ணாடி, தாங்கி எல்லாம் சேர்ந்து முந்நூறு கிலோவைத் தாண்டிவிடும் என்பதால், சாதாரண மர மேசையின் மேலோ அலமாரித் தட்டின் மேலோ இதை வைக்கக் கூடாது.

கடையில் கேட்கப்படும் முக்கியமான கேள்விக்கு எப்போதும் ஒரே பதில்தான் வரும்.

“இது எவ்வளவு பெருசாகுமுங்கண்ணா?”

“தொட்டி அளவுக்குத்தானுங்க வளரும். பயப்படாதீங்க.”

இந்தப் பதிலை நம்பி, பல ஆண்டுகளுக்கு முன்பு, விரல் நீளத்தில் ஐந்து டைகர் ஷார்க் குஞ்சுகளை வாங்கி மூன்றடித் தொட்டியில் விட்டேன். ஓராண்டில் அவை முழங்கை நீளத்தை நெருங்கிவிட்டன. ஒரு நாள் மாலை சமையலறையில் எவர்சில்வர் குண்டான் ஒன்று கைதவறி விழுந்த சத்தத்தில் ஐந்தும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து கண்ணாடியில் முட்டின. ஒன்றின் மூக்கு கிழிந்து, தண்ணீரில் ரத்தம் நூல் நூலாகக் கரைவதை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டி சிறியதாக இருப்பதால் மீன் வளராமல் நின்றுவிடுவதில்லை. கழிவு தேங்கிய நீரில் வளர்ச்சி குன்றும், முதுகு வளையும், ஆயுள் குறையும். அதைத்தான் கடைக்காரர் அடக்கமான வளர்ச்சி என்று சொல்கிறார். கடைசியில் அந்த ஐந்து மீன்களும் வடகரப்பதியில் ஒரு விவசாயியின் படுதாக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

அடுத்து, உங்கள் தண்ணீரைத் தெரிந்துகொள்ளுங்கள்

எங்கள் பகுதியில் வேறெதையும்விட முக்கியமான படி இதுதான். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், எருத்தேம்பதி, வேலந்தாவளம் போன்ற ஊர்களில், ஆழ்துளைக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீர். வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. மேற்கே செம்பாறை மண்ணில் தோண்டிய கிணறுகளில் இதற்கு நேர்மாறாக, நீர் மென்மையாகவும் சற்றுப் புளிப்புத்தன்மையோடும் இருக்கும். கோவையில் சிறுவாணிக் குழாய் வரும் வீடுகளுக்கு மென்மையான நீர் கிடைக்கிறது. ஆனால் அதில் குளோரின் கலந்திருக்கும். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய மீன் ஒரு வீட்டில் பிழைத்து இன்னொரு வீட்டில் செத்துப்போவதற்குப் பெரும்பாலும் இந்த வேறுபாடுதான் காரணம்.

நீரின் புளிப்பு, காரத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவை அறியத் துளிமருந்துப் பெட்டியும், நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவைக் காட்டும் ஒரு டிடிஎஸ் மீட்டரும் வாங்கிக்கொள்ளுங்கள். பிஎச் 6.5 முதல் 7.5 வரை இருந்தால் நன்னீர் ‘ஷார்க்’ மீன்களுக்கு நல்லது. 8ஐ ஒட்டியிருந்தாலும் ரெயின்போ ஷார்க் பழகிக்கொள்ளும், மெல்லப் பழக்க வேண்டும். கடினநீர் உள்ளவர்கள் மழைநீரையோ ஆர்ஓ நீரையோ பாதிக்குப் பாதி கலக்கலாம். நான் இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழையில் மொட்டைமாடி நீரைப் பிடித்து வைப்பேன். முதல் இரண்டு மழைகளை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து பிடிப்பதுதான் நல்லது, ஓட்டிலும் தளத்திலும் இருக்கும் அழுக்கு அதற்குள் கழுவப்பட்டிருக்கும். குழாய் நீரானால், ஆன்டி குளோரின் துளிகளைக் கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

தொட்டியில் நீர் நிரப்பி, ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமல் நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிரிகள் ஃபில்டரில் குடியேற அவ்வளவு காலம் ஆகும். அவற்றுக்கு இரையாகத் தினமும் ஒரு சிட்டிகை மீன் தீவனத்தைத் தொட்டியில் போட்டு வரலாம். நண்பர் ஒருவரின் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து உங்கள் தொட்டியில் விட்டால் காலம் குறையும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும் நாளில் கடைக்குப் போகலாம்.

எந்த மீன்

நான்கடித் தொட்டி வைத்திருக்கும் புதியவருக்கு நான் பரிந்துரைப்பது ரெட் டெயில் அல்லது ரெயின்போ, இரண்டில் ஏதேனும் ஒன்றே ஒன்று. இரண்டும் 12 முதல் 15 சென்டிமீட்டர் வரைதான் வளரும். கரிய உடலும் சிவந்த வாலும் இருந்து, முதுகுத் துடுப்பின் நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது ரெட் டெயில். எல்லாத் துடுப்புகளும் சிவந்து, உடல் சாம்பல் பூத்திருந்தால் ரெயின்போ. ரெட் டெயில் தாய்லாந்து ஆறுகளில் மிக அருகிவிட்டது. நம் கடைகளுக்கு வருபவை பண்ணையில் பெருக்கப்பட்டவை. 22 முதல் 26 டிகிரி வரையிலான வெப்பம் இவற்றுக்கு உகந்தது.

ஒன்றே ஒன்று என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவை சிறு வயதில் கடைத் தொட்டியில் கூட்டமாக அமைதியாக இருக்கும்; வளர்ந்ததும் ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு, அங்கே வருபவற்றைத் துரத்தத் தொடங்கும். துணை வேண்டாமா என்று இரக்கப்பட்டு நான் இரண்டு ரெயின்போக்களை ஒன்றாக விட்டிருந்தேன். ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு வாரத்தில், சிறியது ஹீட்டருக்கும் கண்ணாடிக்கும் இடையிலுள்ள இரண்டு விரல் சந்தில் நாள் முழுவதும் செங்குத்தாக நின்றது. தீவனம் விழும்போது மட்டும் தலை நீட்டும், பெரியது திரும்பினால் உள்ளே போய்விடும். துடுப்புகள் சீப்புப் பல்போலக் கிழிந்திருந்தன. ரெட் டெயிலையும் ரெயின்போவையும் ஒரே தொட்டியில் சேர்த்தாலும் இதே கதைதான். நடுநீரிலும் மேல்நீரிலும் வேகமாக நீந்தும் பார்ப், டேனியோ போன்றவற்றைத் துணையாக விடலாம். அடித்தரையில் மேயும் மீன்களும், மெல்ல நீந்தும் பொன்மீன்களும் வேண்டாம். பூந்தொட்டி ஓடு, மரவேர், கல் ஆகியவற்றால் ஒளிவிடங்கள் அமைத்து, ஒரு மறைவிலிருந்து இன்னொன்று கண்ணில் படாதபடி வையுங்கள்.

கூட்டமாக நீந்தும் மீன்தான் வேண்டும் என்பவருக்கு நம் வாசலிலேயே ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கடைகளில் ரோஸ்லைன் ஷார்க் என்ற பெயரிலும் விற்கப்படுவது, நாம் மிஸ் கேரளா என்றும் மலையாளிகள் செங்கணியான் என்றும் சொல்லும் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்தான். வெள்ளி உடலில் மூக்கிலிருந்து ஓடும் சிவப்புக் கோடும் அதன் கீழே கருப்புக் கோடும் உள்ள இதற்கு அறிவியல் உலகம் 1865இல் பெயரிட்டபோது, அப்போதைய சென்னை ஆளுநர் டெனிசனின் பெயரைச் சூட்டியது. மலபாரும் பாலக்காடும் சென்னை மாகாணத்தில் இருந்த காலம் அது. கேரளாவின் அழகி என்று பட்டம் வாங்கிய மீனின் அறிவியல் பெயரில் சென்னை ஆளுநர் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

இது 15 சென்டிமீட்டர் வரை வளரும். ஆறுக்குக் குறையாமல் வாங்க வேண்டும். நான்கடிக்குக் குறைந்த தொட்டியில் விடக் கூடாது. மலையோடைகளில் வாழ்ந்த மீன் என்பதால் ஓடும் நீரும் நிறைய ஆக்சிஜனும் கேட்கும், வெப்பத்தைத் தாங்காது. இங்குதான் நம் ஊரில் சிக்கல். பாலக்காட்டுக் கணவாய் வெயிலில், மார்ச், ஏப்ரல் மாதங்களில் தொட்டி நீர் 31, 32 டிகிரியைத் தொட்டுவிடும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும் என்பதால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தொட்டியின் மூடியைக் கழற்றி அங்கே கொசுவலையை இழுத்துக் கட்டி, ஒரு சிறிய மேசை விசிறியை நீர்ப்பரப்பின் மேல் வீசும்படி வைத்தால், நீர் ஆவியாவதால் இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆவியான அளவுக்கு உப்புக் குறைந்த நீரை ஊற்றி ஈடுசெய்ய வேண்டும். கிணற்று நீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் கடினத்தன்மை ஏறிக்கொண்டே போகும். மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

காட்டு ஆறுகளில் இந்த மீன் அழியும் நிலையில் இருப்பதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. பண்ணையில் பெருக்கியவை இப்போது கிடைக்கின்றன. எங்கிருந்து வந்தது என்று கடைக்காரரிடம் கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். வாங்கும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் அப்போதைய விதியையும் ஒரு முறை கேட்டுக்கொள்வது நல்லது. ஓடையில் பிடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

மற்றவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சில்வர் ஷார்க் அழகான மீன்தான், ஆனால் 30 சென்டிமீட்டரைத் தாண்டும். நான்கைந்தாகச் சேர்ந்து வாழும். மூடி இல்லாத தொட்டியிலிருந்து துள்ளித் தரையில் விழும். ஆறடிக்கு இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 670 லிட்டர், இதற்கான தொடக்க அளவு. பிளாக் ஷார்க் அரை மீட்டரைத் தாண்டி வளர்வதோடு முரடும்கூட. டைகர் ஷார்க் என்ற பெயரில் வருவது, ஆந்திராவின் கொல்லேறு ஏரிப் பக்கத்துக் குளங்களில் டன் கணக்கில் உணவுக்காக வளர்க்கப்பட்டு, ஓட்டல்களில் பாசா என்று தட்டுக்கு வருகிற அதே பங்காசியஸ் கெளுத்தி. ஒரு மீட்டருக்கு மேல் வளரக்கூடியது. அதை வீட்டுத் தொட்டிக்கு வாங்கவே வேண்டாம். அல்பினோ ஷார்க் என்று வெளுத்த மீனைக் காட்டினால் கவனமாகப் பாருங்கள்: செதில் இல்லாத வழுவழுப்பான உடலும், முதுகில் வாலை ஒட்டி ஒரு சிறு சதைத் துடுப்பும் இருந்தால் அது பங்காசியஸ், செதிலும் சிவந்த துடுப்புகளும் கீழ்நோக்கிய வாயும் இருந்தால் ரெயின்போ. இரண்டும் குஞ்சாக இருக்கும்போது ஒரே விலை சொல்வார்கள்.

கடல் சுறாதான் வேண்டும் என்றால்

பாறைத்திட்டுகளில் திரியும் கருமுனைச் சுறா போன்றவை ஒன்றரை மீட்டருக்கு வளர்ந்து, ஓயாமல் நீந்தியே மூச்சுவிடுபவை. அவற்றுக்கு எந்த வீட்டுத் தொட்டியும் சிறைதான். அந்தக் குடும்பம் முழுவதையும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்க 2022இல் முடிவெடுக்கப்பட்டது. இந்தியாவில் திமிங்கலச் சுறா 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இருக்கிறது. 2022 திருத்தத்தில் பட்டியல்கள் மாற்றியமைக்கப்பட்டன. ஆகவே எந்தச் சுறாவாயினும், இனத்தின் பெயரை எழுதி எடுத்துச் சென்று வனத் துறையிடம் கேட்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வீட்டில் வைப்பதற்கு ஓரளவேனும் பொருந்துபவை, அடித்தரையில் படுத்தபடியே செவுளுக்குள் நீரை இழுத்து மூச்சுவிடும் சிறிய இனங்கள். இவற்றில் மூங்கில் சுறாக்கள் முதன்மையானவை. சாம்பல் மூங்கில் சுறா 75 சென்டிமீட்டரை ஒட்டி வளரும். வெள்ளைப் புள்ளி உள்ளது 90 சென்டிமீட்டரை எட்டும். பழுப்புப் பட்டை உள்ளது ஒரு மீட்டரைத் தாண்டும். ஆகச் சிறியதைத் தேர்ந்தெடுத்தாலும், மீன் உடலை வளைத்துத் திரும்புவதற்கு நான்கடி அகலமும் எட்டடி நீளமும் உள்ள தொட்டி வேண்டும். இவற்றுக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்பே முக்கியம்.

இரண்டடி ஆழம் என்றால் 1,800 லிட்டர் ஆயிற்று. லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் முதல் நிரப்புதலுக்கு மட்டும் 63 கிலோ மீன்தொட்டி உப்பு வேண்டும். சமையல் உப்பு இதற்கு உதவாது. ஒவ்வொரு முறை ஐந்தில் ஒரு பங்கு நீர் மாற்றும்போதும் இன்னொரு 12, 13 கிலோ. கடற்கரை ஊரானால் கடல்நீரையே கொண்டுவரலாம். எங்கள் ஊரிலிருந்து பொன்னானிக் கடல் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி வீட்டில் உள்ளவர்களிடம் காட்டுங்கள். பாதிப் பேரின் ஆசை அந்த இடத்திலேயே தெளிந்துவிடும்.

தெளியாதவர்களுக்கு இன்னும் சில செய்திகள். தரையில் நொறுங்கு கல் வேண்டாம், வயிறு உராய்ந்து புண்ணாகும். நுண்மணலே போட வேண்டும். செம்பு கலந்த மீன் மருந்துகள் சுறாவுக்கு நஞ்சு. சுறாவின் முகத்தில் மின்புலத்தை உணரும் நுண்துளைகள் இருப்பதால், ஹீட்டரிலோ பம்பிலோ சிறு மின்கசிவு இருந்தாலும் அது இரை எடுக்காமல் ஒதுங்கும். எர்த் இணைப்பைச் சரிபாருங்கள். உணவாக மத்தி, கணவாய், இறால் துண்டுகளை வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, விளக்கை அணைத்த பிறகு, இடுக்கியில் நீட்டிக் கொடுக்கலாம். உறையவைத்த மீனில் சில வைட்டமின்கள் குறைந்துவிடும் என்பதால் மேல்சத்து சேர்க்க வேண்டும். அயோடின் குறைந்தால் தொண்டை வீங்கும்.

வளர்ந்த சுறாவைப் பையில் அடைத்துக் கொண்டுவருவதைவிட, முட்டையாக வாங்குவது நல்லது. மூங்கில் சுறாவின் முட்டை தோல்பை போன்ற பழுப்பு உறை. இருட்டில் அதன் பின்னால் டார்ச் அடித்தால் உள்ளே குஞ்சு நெளிவதைப் பார்க்கலாம். நெளியாத முட்டையை வாங்காதீர்கள். பொரிய நான்கைந்து மாதம் ஆகும். பொரித்த குஞ்சு மஞ்சள்கரு தீரும்வரை சில நாள் எதையும் தின்னாது, அதற்காக அஞ்ச வேண்டாம்.

வாங்கிக் கொண்டுவருதல்

நன்னீர் மீனானால், கடையில் உங்கள் கண்முன்னே தீவனம் போடச் சொல்லி, முதலில் ஓடிவந்து தின்னும் மீனைத் தேர்ந்தெடுங்கள். வயிறு ஒட்டியதையும், உடலில் வெள்ளைப் புள்ளி உள்ளதையும் விட்டுவிடுங்கள். ஆக்சிஜன் நிரப்பிய பையைத் துணியில் சுற்றி, வெயில் ஏறுமுன் வந்துசேருங்கள். கோடையில் பேருந்தின் ஜன்னலோர இருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு வந்த பை ஒன்று எனக்கு வேலந்தாவளம் சோதனைச்சாவடியிலேயே வெதுவெதுப்பாகிவிட்டது. வீட்டில் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் தொட்டி நீரைப் பையில் சேர்த்து, முக்கால் மணி நேரம் கழித்து மீனை வலையில் எடுத்து விடுங்கள். கடினநீர்த் தொட்டியானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளலாம். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. வேறு மீன்கள் ஏற்கெனவே இருந்தால், புதியதை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

எந்தக் காரணத்துக்காகவும் வளர்த்த மீனைச் சித்தூர்ப்புழையிலோ ஏரியிலோ விட்டுவிடாதீர்கள். 2018 வெள்ளத்தில் பண்ணைகளிலிருந்தும் தொட்டிகளிலிருந்தும் தப்பிய அரபைமா போன்ற அயல்நாட்டு மீன்கள் கேரள ஆறுகளில் வலையில் சிக்கியதைச் செய்திகளில் பார்த்தோம். மீன் பெருத்துவிட்டால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள், அல்லது பெரிய தொட்டி உள்ளவரைத் தேடுங்கள். வாங்கும்போதே திருப்பி எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு வைத்துக்கொள்வது இதற்கு உதவும்.

புதிதாக வந்த ரெட் டெயிலின் வால் முதல் நாளில் ஆரஞ்சாக வெளுத்திருக்கும். உடலின் கருமையும் சாம்பலாக மங்கியிருக்கும். அன்று விளக்குப் போடாமல், தீவனமும் கொடுக்காமல் விட்டுவிடுங்கள். நான்கைந்து நாளில் அது ஓர் ஓட்டுக்குள் இடம் பிடித்து, விளிம்பில் படிந்த பாசியைச் சுரண்டத் தொடங்கும்போது நிறம் திரும்பிவிடும். ஒரு வாரமாகியும் வெளுப்பு மாறவில்லை என்றால், மருந்துக் கடைக்கு ஓடாமல் முதலில் அம்மோனியாவைச் சோதித்து, கால்பங்கு நீரை மாற்றுங்கள்.